சிவப்பு விளக்கு யார் கையில்?

(தீபாவளிச் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: ‘வெள்ளத்தில் ஊரைக் காப்பது மக்களின் மனிதநேயமா? உள்ளாட்சியின் முன்திட்டமா?’ – ‘முன்திட்டமே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்துகொண்டு நான் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட நண்பர்களே, என் அணித் தோழர்களே, நனைந்த குடையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் ஒரு கையில் அதிரசமும் மறு கையில் ரிமோட்டுமாக உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது தீபாவளி அன்றைக்கு வரப்போகிற நிகழ்ச்சி. ஆனால் நாம் பதினைந்து நாளுக்கு முன்னாலேயே இங்கே வந்து உட்கார்ந்து, தீபாவளிக்குச் சிரிக்க வேண்டியதை இப்போதே சிரித்து வைத்துக்கொண்டிருக்கிறோம். (சிரிப்பு) ஏன்? திட்டம்! ஒரு பட்டிமன்றத்துக்கே பதினைந்து நாள் முன்திட்டம் வேண்டியிருக்கிறது. ஒரு ஊருக்கு வேண்டாம் என்று எதிரணியினர் பேசுகிறார்கள். அதையும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட்டு வந்து பேசுகிறார்கள்! (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய தங்கை அருமையாகப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கண் கலங்கியது. 2023 டிசம்பரில் திருவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கிக்கொண்ட பயணிகளைச் சொன்னார். ஏறத்தாழ 800 பேர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில். சுற்றிலும் கடல் மாதிரி தண்ணீர். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்களே, அந்த மனிதநேயம்தானே காப்பாற்றியது என்று கேட்டார்.

அந்த ஊர்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த நேரம் அது. தூத்துக்குடிச் சீமையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம். தன் வீட்டு அடுப்பே நனைந்து கிடக்கும்போது அடுத்தவனுக்கு உலை வைத்தார்களே, அவர்களைக் குறைசொல்ல எந்த நாக்குக்கும் உரிமை கிடையாது.

ஆனால் தங்கச்சி, கதையை நீங்கள் இரண்டாம் பாகத்திலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள். முதல் பாகம் என்ன? அந்த ரயில் ஏன் திருவைகுண்டத்தில் நின்றது? முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. தகவல் வந்தது. நிலைய அதிகாரி ரயிலைப் போகவிடாமல் நிறுத்தினார். சிவப்பு விளக்கு! அந்த விளக்கு எரியவில்லை என்றால் ஊர்க்காரர்கள் சோறு கொண்டுவந்திருக்க மாட்டார்கள். வேறு எதையோ தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். சொல்லவே வாய் கூசுகிறது.

ரயில்வேயில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பாதை கெட்டுப்போனால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், கேட்டவர் என்ன செய்ய வேண்டும், எல்லாம் முன்பே எழுதி வைத்தது. அந்த நேரத்தில் போய், ‘நிறுத்தலாமா சார், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் சார்’ என்பதற்கு இடமில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உங்கள் தெருவுக்கு, என் தெருவுக்கு, அந்தச் சிவப்பு விளக்கு யார் கையில் இருக்கிறது? அந்தக் கைக்கு ஒரு பெயர் எழுதி வைப்பதற்குப் பெயர்தான் உள்ளாட்சியின் வெள்ளத் திட்டம். (கைதட்டல்)

என் கதையைச் சொல்கிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. நான் தமிழ்ப் பேராசிரியர். ஊர்ப்பெயர் ஆய்வு எனக்கு வெல்லம். வகுப்பில் மாணவர்களுக்கு மூச்சு விடாமல் சொல்லிக்கொடுப்பேன்: ‘தாங்கல் என்றால் நீரைத் தாங்கி நிற்கும் இடம், தொண்டை மண்டலத்தில் சிற்றேரிக்குப் பெயர். வேடந்தாங்கல் பாருங்கள், பழவந்தாங்கல் பாருங்கள்.’ பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியே கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், பணம் சேர்த்து, கடன் வாங்கி, சென்னைக்குத் தெற்கே புறநகரில் ஒரு வீடு வாங்கினேன். ஊர்ப் பெயர் எப்படி முடியும் என்கிறீர்கள்? தாங்கல்! (பலத்த சிரிப்பு)

தரகர் சொன்னார்: ‘சார், மாடியில் நின்னா ஏரிக்காத்து வாங்கலாம்.’ ஏரிக்காற்று மட்டுமா வாங்கினேன்? ஏரியையே வாங்கியிருக்கிறேன் என்பது 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரிதான் தெரிந்தது. (சிரிப்பு) தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய இரவு அது. என் மனைவி அப்போது கேட்ட கேள்வியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ‘ஏங்க, பசங்களுக்கு மட்டுந்தான் பாடம் எடுப்பீங்களா?’

என் படிப்பறை கீழ்த்தளத்தில். இருபது வருஷக் குறிப்புகள். ஊர் ஊராகப் போய், கிழவர்களிடம் கேட்டு, மசியில் எழுதிய தாள்கள். மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. என் மாணவர்கள் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள். சேற்றை அள்ளினார்கள். தாளைத் தாளாகப் பிரித்தார்கள். இரண்டு பிள்ளைகள் இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்து, பழைய வேட்டித் துணியை மேலே போட்டு, ஒவ்வொரு தாளாகத் தேய்த்துக் கொடுத்தார்கள். தாள் காய்ந்துவிட்டது. எழுத்து இல்லை. எதிரணி நண்பர்களே, மனிதநேயம் என் வீட்டுக்கு வந்தது, அதை நான் பார்த்தேன். அந்தக் குறிப்புகள் மாடியில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பியிருப்பேன்.

போகட்டும், தாள்தானே. எதிர்வீட்டுக் கதை வேறு. எதிர்வீட்டின் பின்கட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். பிள்ளை வெளிநாட்டில். மழை வலுத்ததும் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். யாரும் யாரையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. விடியற்காலை, மார்பளவுத் தண்ணீரில் தெருவில் ஒருவர் நீந்துகிற மாதிரி வருகிறார். பால் போடும் தம்பி. கையில் பால் இல்லை. வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, ‘பின்கட்டு ஆயா எங்க சார்?’

‘ஊருக்குப் போயிருப்பாங்க தம்பி.’

‘இல்ல சார். நேத்து சாயங்காலம் அரை லிட்டர் வாங்கினாங்க. ஊருக்குப் போறதா இருந்தா பால் வேணாம்னு சொல்லிடுவாங்க.’

கதவை உடைத்துப் பார்த்தோம். கட்டில்மேல் ஒரு நாற்காலி. நாற்காலிமேல் பாட்டி. இடுப்புவரை தண்ணீர். உயிர் இருந்தது. எங்களைப் பார்த்ததும் சொன்னார்: ‘ராத்திரி முழுக்கக் கூப்பிட்டேம்ப்பா. மழைச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல.’

(அரங்கில் அமைதி)

எதிரணி நண்பர் தலையாட்டுகிறார். ‘பார்த்தீர்களா, பால்காரர், மனிதநேயம், எங்கள் கட்சி’ என்று குறித்துக்கொள்கிறார். குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்கக் குறித்துக்கொள்ளுங்கள். அன்பு எங்களுக்கும்தான் இருந்தது. அந்தப் பாட்டியிடம் தினமும் பேசுகிறவன் நான். எங்களிடம் இல்லாத ஒன்று அந்தத் தம்பியிடம் இருந்தது. பால் கணக்கு நோட்டு! எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார், எத்தனை பாக்கெட், என்றைக்கு வேண்டாம் என்றார், எல்லாம் அதில் இருந்தது. வரி நோட்டில் வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கும். அந்த வீட்டு வரி நோட்டில் இருந்தது வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் பெயர். உள்ளே யார் படுத்திருக்கிறார் என்பது பால் நோட்டில்தான் இருந்தது. (நீண்ட கைதட்டல்)

வெள்ளத் திட்டம் என்றதும் எல்லோரும் ஆயிரம் பக்கப் புத்தகம், அதற்கு ஒரு அட்டை, அதை வெளியிட ஒரு விழா என்று நினைக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் முதல் பக்கம் பால்காரர் நோட்டு மாதிரி இருக்க வேண்டும். இந்த வார்டில் நடக்க முடியாதவர் எத்தனை பேர், பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண் எந்த வீட்டில், ஆக்சிஜன் வைத்துப் படுத்திருப்பவர் யார், அவரைத் தூக்கப் போகிற இரண்டு பேர் யார், எந்தப் பள்ளிக்கூடத்து மாடிக்கு, அந்த மாடிச் சாவி யாரிடம்? நடுவர் அவர்களே, சிரிக்காதீர்கள். நிவாரண முகாம் பூட்டிக் கிடக்க, சாவி வைத்திருப்பவர் வெள்ளத்தில் மாட்டிக்கொள்வது நம் நாட்டில் நடக்காத காரியமா? (சிரிப்பு)

இரண்டாவது பக்கம், தண்ணீருடைய மேப். மேடு எது, பள்ளம் எது, எந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும்? இன்றைக்குச் செயற்கைக்கோள் இருக்கிறது, ட்ரோன் இருக்கிறது. ஊரின் மேடுபள்ளத்தை அப்படியே கணினியில் ஏற்றி, இத்தனை மழை பெய்தால் எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று வெயில் காலத்திலேயே பார்க்கலாம். பார்த்துவிட்டு என்ன செய்வது? பள்ளத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டு வருகிறவனிடம், ‘தளத்தை இந்த உயரத்துக்கு மேல் வை, ஜெனரேட்டரைத் தரைக்கு அடியில் வைக்காதே’ என்று சொல்ல வேண்டும். ஏரியிலேயே கட்ட வருகிறவனிடம் முடியாது என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்தான் நம்மூரில் விலை அதிகம்.

நம் முன்னோர் இந்த மேப்பை ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்தார்கள். நாம்தான் பெயரை வைத்துக்கொண்டு தண்ணீரை விரட்டினோம். தீபாவளிக்கு ஜவுளி எடுக்க தியாகராய நகரில் முண்டியடிக்கிறோமே, அந்த இடம் 1920-களில் மாம்பலத்தின் நெட்டேரியைத் தூர்த்து உண்டாக்கிய நகர். நுங்கம்பாக்கத்தில் இன்றைக்கும் ‘லேக் ஏரியா’ என்று முகவரி எழுதுகிறார்கள். ஏரியா இருக்கிறது, ஏரிதான் இல்லை. (சிரிப்பு) தென்சென்னையின் தண்ணீரையெல்லாம் குடித்துக்கொண்டிருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. 2022-இல் அதற்கு உலக அளவில் ராம்சர் தகுதி கிடைத்தது. மிச்சமிருந்ததற்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குள் இன்னொரு வேடிக்கை. ஒரு மழைத்துளி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் விழுந்தால் நீர்வளத் துறை. கலங்கல் தாண்டி நெடுஞ்சாலை ஓரம் வந்தால் நெடுஞ்சாலைத் துறை. தெரு வடிகாலுக்குள் புகுந்தால் மாநகராட்சி. சதுப்பு நிலத்துக்குப் போனால் வனத்துறை. பாவம், அந்தத் துளி கடலுக்குப் போவதற்குள் நாலு அலுவலகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்! (சிரிப்பு, கைதட்டல்) அதனால்தான் தெருவில் நின்றுவிடுகிறது.

மழைநீர் வடிகால் கட்டுகிறோம் என்கிறார்கள். கட்டட்டும், நல்லது. ஆனால் வடிகால் என்பது சிமெண்ட் பெட்டி இல்லை ஐயா, அது ஒரு வழி. வழிக்குச் சரிவு வேண்டும், போய்ச் சேரும் இடம் வேண்டும். ஆற்றின் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடந்தால், அதே நேரம் கடலும் பொங்கி நின்றால், வடிகாலில் போன தண்ணீர் வந்த வழியே திரும்பி வரும். ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டு உடனே வந்துவிடும் விருந்தாளி மாதிரி. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வடிகால் பார்த்தேன். தெருவைவிட உயரமாக இருக்கிறது. மழைநீர் படியேறித்தான் உள்ளே போக வேண்டும். (சிரிப்பு)

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், தமிழாசிரியன் கணக்கு. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிட்ட தண்ணீர் காலையில் வினாடிக்கு ஆயிரம் கன அடிக்கும் குறைவு. இரவுக்குள் 29,000 கன அடி. அதைப்பற்றி 2018-இல் வந்த இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை, இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று சொல்லியது. அரசுத் தரப்பு, விதிப்படிதான் திறந்தோம் என்றது. அந்த வழக்கை நான் இங்கே நடத்தவில்லை. ஏரியின் தண்ணீர் மட்டுமில்லை, அடையாற்றின் மேல்புறத்தில் நிரம்பி வழிந்த எத்தனையோ சிற்றேரிகளின் தண்ணீரும் அன்றைக்கு அதே ஆற்றில்தான் வந்தது.

என் கேள்வி வேறு. 29,000 கன அடி என்று செய்தியில் சொன்னால், ஜாபர்கான்பேட்டையில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு என்ன புரியும்? எனக்கே புரியவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். அப்படியானால் வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கும் மேல். வீட்டுக்குப் போடும் 20 லிட்டர் கேன் இருக்கிறதே, அதில் வினாடிக்கு நாற்பதாயிரம் கேன்! நான் ‘வணக்கம்’ சொல்லி முடிப்பதற்குள் நாற்பதாயிரம் கேன் உருண்டு வருகிறது. (அரங்கில் வியப்பொலி) இப்படிச் சொன்னாலும்கூட அந்தத் தாய்க்குப் போதாது. அவளுக்கு வேண்டியது இதுதான்: ‘அம்மா, உங்க தெருவில் ராத்திரி பத்து மணிக்குள் இடுப்பளவு தண்ணீர் வரும். எட்டு மணிக்குள் இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க.’

கன அடியை இடுப்பளவாக மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பு எங்கள் துறை, அதனால் சொல்கிறேன், மிகக் கடினமான மொழிபெயர்ப்பு அது. ஆற்றில் இத்தனை வந்தால் எந்தத் தெருவில் எத்தனை என்று முன்பே கணித்து வைத்திருந்தால்தான் செய்ய முடியும். மழை பெய்துகொண்டிருக்கும்போது அதற்கு நேரம் இல்லை. சென்னையிலிருக்கும் அமைச்சரகத்துக்கோ டெல்லிக்கோ அந்தத் தெருவைத் தெரியாது. வார்டுக்குத்தான் தெரியும். பாலத்துத் தூணில் அடி அடியாக அளவு எழுதி, இந்தக் கோட்டைத் தொட்டால் இந்தத் தெரு காலி செய்ய வேண்டும் என்று ஒரு சிவப்புக் கோடு போடுவதற்கு எத்தனை ரூபாய் ஆகும்? ஒரு டப்பா பெயிண்ட்!

இன்னொரு வார்த்தை நம்மைத் தூங்க வைத்துவிட்டது. ‘நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்.’ கேட்டதும் நாம் என்ன நினைக்கிறோம்? ‘அப்பாடா, 2015-இல் வந்துவிட்டது. இனி 2115-இல்தான். அது பேரன் கவலை.’ (சிரிப்பு) பொறியாளர்கள் சொல்வதன் அர்த்தம் அது இல்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அர்த்தம். போன வருஷம் வந்தது என்பதற்காக இந்த வருஷம் அதற்கு விடுமுறை கிடையாது. நீங்கள் 30 வருஷக் கடனில் வீடு வாங்கினால், கடன் அடைப்பதற்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளம் வர நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்பு. ஏறக்குறைய நாலில் ஒன்று! வங்கிக்காரர் வட்டியைச் சொன்னார். இதைச் சொல்ல யாரும் இல்லை. வீட்டுப் பத்திரத்தோடு அந்த மனைக்கு வெள்ள வரலாறும் ஒரு பக்கம் இணைக்கச் சொன்னால், பாதி விளம்பரங்கள் நின்றுபோகும்.

‘இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம், நம்ம மண்ணுக்கு ஒத்து வராது’ என்றார் எதிரணியின் மூத்த நண்பர். ஐயா, காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூருக்குப் போயிருக்கிறீர்களா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தலைப் பற்றி எல்லோரும் பேசுவோம். அந்தத் தேர்தல் எதற்கு? வாரியங்களுக்கு ஆள் எடுக்க. அதில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்ப்பதற்கென்றே ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். அதோடு ஒரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் மட்டுமா? அவன் நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்கக் கூடாது! (நீண்ட கைதட்டல்) நடுவர் அவர்களே, கைதட்டலைப் பாருங்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய விதிக்கு இன்றைக்குக் கைதட்டுகிறார்கள். எவ்வளவு ஏக்கம் இருந்தால் தட்டுவார்கள்!

கரை பலமாக இருக்கிறதா, மதகு சரியாக இருக்கிறதா, கலங்கல் அடைபட்டிருக்கிறதா, வரத்துக் கால்வாயில் எவன் வேலி போட்டிருக்கிறான், இதெல்லாம் ஊர் பார்த்த வேலை. நம் அரசியல் சட்டத்தில் 1992-இல் 74-ஆவது திருத்தம் கொண்டுவந்து நகராட்சிகளுக்கென 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டார்கள். தீயணைப்பு இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது, மாட்டுப்பட்டிகூட இருக்கிறது. வெள்ளம் என்று தனியே ஒரு வரி இல்லை. ஆனாலும் பட்டியலின் தொடக்கத்திலேயே நகரத் திட்டமிடலும், நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவதும் இருக்கின்றன. மனமிருந்தால் அந்த இரண்டுமே போதும். 2005-இன் பேரிடர் மேலாண்மைச் சட்டம் உள்ளாட்சிக்கு இன்னும் தெளிவாகவே சொல்கிறது: ஊழியருக்குப் பயிற்சி கொடு, கருவிகளைத் தயாராக வை, கட்டடங்கள் விதிப்படி இருக்கின்றனவா பார். 2025-இல் அதைத் திருத்தி, மாநகராட்சி உள்ள நகரங்களுக்குத் தனிப் பேரிடர் ஆணையம் அமைக்க வழி செய்திருக்கிறார்கள். சட்டத்துக்குப் பஞ்சமில்லை.

வள்ளுவரை இழுக்காமல் தமிழாசிரியன் இறங்கினால் பென்ஷன் வராது. (சிரிப்பு) வருமுன் காக்காதவன் வாழ்க்கை நெருப்புக்கு முன் வைத்த வைக்கோல் என்று சொன்னாரே, அந்தக் குறளை மருத்துவமனைச் சுவரிலும் காப்பீட்டு விளம்பரத்திலும் எழுதுகிறோம். அவர் அதை எந்த அதிகாரத்தில் வைத்தார்? குற்றங்கடிதல். எந்தப் பாலில்? பொருட்பாலில், அரசியல் பகுதியில். ஆள்கிறவன் தன்னிடம் குற்றம் வராமல் காத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிற இடம். முன்கூட்டிக் காக்காமல் இருப்பது துரதிர்ஷ்டம் இல்லை நடுவர் அவர்களே, ஆள்கிறவன் கணக்கில் அது குற்றம். (கைதட்டல்)

‘திட்டத்தால் உயிர் பிழைத்ததாக ஒரு ஊரைக் காட்டுங்கள்’ என்று சவால் விட்டார்கள். ஒடிசாவைக் காட்டுகிறேன். 1999 அக்டோபரில் பெரும்புயல். கடலே ஊருக்குள் வந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அந்த மக்களிடம் மனிதநேயம் இல்லையா? இருந்தது. அதன் பிறகு அந்த மாநிலம் கரையோரம் புயல் பாதுகாப்புக் கட்டடங்களைக் கட்டியது, கிராமத்துக் கிராமம் ஆள் பழக்கியது, ஒத்திகை பார்த்தது. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தது. அதுவும் சாதாரணப் புயல் இல்லை. முன்கூட்டியே ஏறத்தாழ பத்து லட்சம் பேரை வெளியேற்றினார்கள். இறந்தவர் எண்ணிக்கை சில பத்துகளில் நின்றது. பத்தாயிரம் எங்கே, சில பத்து எங்கே? நடுவில் இருக்கும் அத்தனை பேரும் இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

‘திட்டமெல்லாம் பீரோவில் தூங்கும்’ என்றார் கடைசியாகப் பேசிய தம்பி. அது உண்மை. மறுக்க மாட்டேன். 2015-க்குப் பிறகு எங்கள் தெருவில் நாங்கள் அந்தப் பால் நோட்டு மாதிரியே ஒரு நோட்டு போட்டோம். 63 கதவு. தூக்கிச் செல்ல வேண்டியவர் ஏழு பேர். வார்டு அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. நோட்டை எடுத்தோம். அந்தப் பாட்டி உள்பட ஏழு பேரையும் இருட்டுவதற்குள் மாடி ஏற்றிவிட்டோம். மார்தட்டிக்கொண்டு நிற்கிறேன், பின்னாலிருந்து ஒரு குழந்தை அழுகிற சத்தம். நோட்டில் இல்லாத குழந்தை. செப்டம்பரில் குடிவந்த ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தையோடு ஒரு பின்கட்டில் இருந்திருக்கிறார்கள். எங்கள் நோட்டு ஜூன் மாதத்து நோட்டு. நல்லவேளை, தண்ணீர் அங்கே கணுக்காலைத் தாண்டவில்லை. அன்றைக்கு என் மனைவி அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: ‘ஏரிக்கு மட்டுமில்லீங்க, உங்க நோட்டுக்கும் வருஷா வருஷம் தூர் வாரணும்.’ (கைதட்டல்)

இப்போது ஆடி பிறந்தால் ஒருமுறை, ஆயுத பூஜைக்கு ஒருமுறை, இரண்டு தடவை வீடு வீடாகப் போகிறோம். இப்போது எங்களோடு வார்டு ஊழியர் ஒருவரும் வருகிறார். பால் போடும் தம்பிக்கு இப்போது நரை வந்துவிட்டது, அவரும் வருகிறார். போன முறை அவர் என்னிடம் கேட்டார்: ‘சார், எங்க தெருவுக்கு ஒரு நோட்டு போடணும். ஆபீஸில் யாரைப் பாக்கணும்?’ அவர் இருப்பது கால்வாய்க் கரையோரம். எங்கள் தெருவைவிடப் பள்ளம். ஊருக்கெல்லாம் நோட்டு வைத்திருந்தவர் தெருவுக்கு இன்றைக்கும் நோட்டு இல்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்த மாதம் அவரோடு போய் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

(முதல் மணி ஒலிக்கிறது)

நடுவர் ஐயா மணி அடித்துவிட்டார். இந்த மணிக்கு என்ன அர்த்தம்? ‘நேரம் முடிந்துவிட்டது’ என்பதா? இல்லை. ‘இன்னும் இரண்டு நிமிஷத்தில் முடியப் போகிறது, தயாராகு’ என்பது. எதிரணிக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொல்ல நினைத்திருந்தாலும், ஐயா தன் கையால் முன்னெச்சரிக்கை மணி அடித்து எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இரண்டாவது மணிக்கு முன்னால் நான் மேடு பார்த்துப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வணக்கம்.